துப்பல் குழாயும் குடும்பக் கொப்பியும்
நேரே வீட்டுக்கு வரும் மரபணுப் பரிசோதனை நமக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

சித்திரையில் மருதடிப் பிள்ளையார் தேருக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் கொண்டுவரும் பொருட்கள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. முதலில் கசெற் றேடியோ, பிறகு சொக்லேற், அதற்குப் பிறகு வீட்டிலேயே சீனி பார்க்கும் மெசின். இப்போது சிலருடைய கைத்தொலைபேசியில் இன்னொன்றும் வரத் தொடங்கியிருக்கிறது: அவரவர் மரபணு அறிக்கை.

மானிப்பாயில் ஒரு விறாந்தையை மனத்தில் வைத்துக்கொள்வோம். ரொறொன்ரோவிலிருந்து வந்த பேத்தி தொலைபேசியைத் தடவித் தடவி வாசிக்கிறாள்.

"அம்மம்மா, எனக்குச் சலரோகம் வாறதுக்குச் சான்ஸ் கூடவாம்."

வெற்றிலைத் தட்டத்திலிருந்து தலை நிமிராமலே அம்மம்மா சொல்கிறார்: "அதுக்கேன் பிள்ளை காசு குடுத்தனி? உன்ரை அம்மப்பாவுக்கும் அவற்ரை தமக்கைக்கும் நாப்பது வயசுக்குள்ளையே வந்தது. என்னட்டைக் கேட்டிருக்கலாமே."

காட்சி கற்பனை. ஆனால் அந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் இருக்கிற கேள்வி உண்மையானது. மருத்துவரிடம் போகாமல், ஒரு குழாய்க்குள் துப்பி அஞ்சலில் அனுப்பி, இணையத்தில் பெறும் பதிலுக்கு எவ்வளவு பெறுமதி? அது யாருக்குப் பொருந்தும்? அதை யார் விளங்கப்படுத்துவது?

கடைசிக் கேள்வியை மானிப்பாயில் நின்று கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1847இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அவருடைய பெயரால்தான் இன்றும் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட மாணவர்களை அவர் மருத்துவராக்கினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். மேலைநாட்டு மருத்துவ நூல்கள் 'இரண வைத்தியம்', 'மனுஷ சுகரணம்' என்று தமிழில் வந்தது அவரும் அவருடைய மாணவர்களும் செய்த உழைப்பால். உடம்பைப் பற்றிய அறிவு, அந்த உடம்புக்குரியவரின் பாஷையில், அவரை அறிந்த ஒருவர் வாயால் வரவேண்டும் என்பதே அந்த உழைப்பின் அடிப்படை. நூற்றெழுபது ஆண்டுக்குப் பிறகு வந்திருக்கும் துப்பல் குழாயில் இல்லாமற்போனது இந்த அடிப்படைதான்.

குழாய்க்குள் நடப்பது

பெட்டியைத் திறந்தால் ஒரு பிளாஸ்ரிக் குழாய் இருக்கும். அரை மணித்தியாலம் எதுவும் உண்ணாமல் குடியாமல் இருந்து, கோடு போட்ட இடம் வரைக்கும் துப்பவேண்டும். ஏறக்குறைய இரண்டு மில்லிலீற்றர். மூடியை அமத்தினால் அதற்குள் இருக்கும் திரவம் இறங்கித் துப்பலோடு கலந்து, டி.என்.ஏ. பழுதாகாமல் காக்கும். துப்பலில் டி.என்.ஏ. எங்கிருந்து வந்தது என்றால், வாயின் உட்தோலிலிருந்து உரிந்த கலங்களும் வெண்குருதிக் கலங்களும் அதில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கின்றன.

நம்முடைய பாடப்புத்தகம் பரம்பரையலகு, நிறமூர்த்தம் என்று சொல்லித்தந்த சங்கதிதான் இது. மனிதருக்கு 23 சோடி நிறமூர்த்தங்கள். அவற்றில் எழுதப்பட்டிருப்பது ஏறக்குறைய 300 கோடி எழுத்து. பெரும்பாலான கம்பனிகள் அந்த 300 கோடியையும் வாசிப்பதில்லை. ஒரு சில்லில், முன்கூட்டியே தெரிந்தெடுத்த ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட இடங்களை மட்டும் சோதிக்கின்றன. மனிதருக்கு மனிதர் வழக்கமாக வேறுபடும் இடங்கள் அவை.

இதை ஒரு புத்தகத்தை வைத்து விளங்கிக்கொள்ளலாம். 1842இல் மானிப்பாய் அமெரிக்க மிசன் அச்சகத்தில் யாழ்ப்பாண அகராதி அச்சாகி வந்தது. 58,000க்கும் மேற்பட்ட சொற்கள். மானிப்பாய் அகராதி என்றும் அதைச் சொல்வார்கள். அதற்கு அச்சுப்பிழை பார்க்க வந்த ஒருவர், ஐயாயிரம் எழுத்துக்கு ஒன்று வீதம், 'இங்கேதான் வழக்கமாகப் பிழை வரும்' என்று ஆரோ குறித்துக் கொடுத்த இடங்களை மட்டும் பார்த்துவிட்டு, "நான் பார்த்த இடத்தில் பிழை இல்லை" என்று கையெழுத்துப் போட்டால் அது பொய்யாகாது. ஆனால் புத்தகத்தில் பிழையே இல்லை என்று நாம் அதை வாசித்தால் குற்றம் நம்முடையது. சில்லுப் பரிசோதனையின் 'காணப்படவில்லை' என்ற பதிலை இப்படித்தான் விளங்கவேண்டும்.

'காணப்பட்டது' என்ற பதிலிலும் சிக்கல் உண்டு. நேரடி விற்பனைக் கம்பனிகளின் மூலத் தரவில் 'கெடுதலானது' என்று காட்டிய மாற்றங்களோடு மருத்துவர்களிடம் போனவர்களை ஓர் அமெரிக்க ஆய்வுகூடம் திரும்பச் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டது. நூற்றுக்கு நாற்பது மாற்றங்கள் அங்கே இருக்கவேயில்லை. எவ்வளவுக்கு எவ்வளவு ஒரு மாற்றம் அரிதோ, அவ்வளவுக்குச் சில்லு தடுமாறும்.

வியாபாரம் நடந்த வழி

இந்த வியாபாரத்தின் ஏறுமுகத்தையும் இறங்குமுகத்தையும் ஒரே கம்பனியின் கதையில் பார்த்துவிடலாம். கலிபோர்னியாவில் 2006இல் ஆன் வொஜ்சிக்கியும் வேறு இருவரும் தொடங்கிய அதன் பெயர் '23அண்ட்மீ', அதாவது '23 சோடி நிறமூர்த்தமும் நானும்'. 2007 நவம்பரில் பரிசோதனையின் விலை 999 டொலர். அடுத்த ஆண்டு 399. 'ரைம்' இதழ் 2008இன் சிறந்த கண்டுபிடிப்பு என்று அதைக் கொண்டாடியது. 2012 முடிவில் விலை 99 டொலருக்கு இறங்கியது. ஒரு குடும்பம் உணவகத்தில் இராச்சாப்பாடு சாப்பிடும் காசுக்கு உங்கள் எதிர்காலம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்?

அமெரிக்க அரசு சும்மா இருக்கவில்லை. 2010இல் அதன் கணக்காய்வு அலுவலகம், ஒரே ஆட்களின் மாதிரிகளை நான்கு கம்பனிகளுக்கு அனுப்பிப் பார்த்தது. ஒரே நோய்க்கு ஒரு கம்பனி 'ஆபத்துக் கூட' என்றது, இன்னொன்று 'குறைவு' என்றது. 2013 நவம்பரில் உணவு மருந்து நிர்வாகம் 23அண்ட்மீக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பி, உடல்நல அறிக்கைகளை விற்பதை நிறுத்தியது. பிறகு படிப்படியாக வாசல் திறந்தது: 2015இல் ஓர் அரிய நோயின் காவிப் பரிசோதனைக்கு (தமக்கு நோயில்லாமலே கெடுதலான மாற்றத்தைக் காவுகிறார்களா என்று பார்ப்பது), 2017இல் பார்க்கின்சன், முதுமை மறதி உட்படப் பத்து நோய்களின் ஆபத்தைச் சொல்வதற்கு, 2018இல் மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய மூன்று மாற்றங்களுக்கு.

அதே 2018இல் கிளாக்ஸோ என்ற பெரிய மருந்துக் கம்பனி 30 கோடி டொலரை 23அண்ட்மீயில் முதலிட்டது. வியாபாரத்தின் முதுகெலும்பு எங்கே இருந்தது என்பதை அந்தத் தொகை காட்டிக்கொடுத்தது. 99 டொலர்ப் பெட்டியை விட, பெட்டிகள் வழியாகச் சேர்ந்த தரவுக்குத்தான் பெறுமதி. ஆனால் ஒருவர் வாழ்நாளில் ஒருதரம்தான் துப்புவார். திரும்பி வராத வாடிக்கையாளரை வைத்துக் கடை நடத்த முடியாது. 2025 மார்ச்சில் கம்பனி வங்குரோத்துக்கு மனுப் போட்டது. அப்போது அதன் களஞ்சியத்தில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடிப் பேரின் தரவு இருந்தது. அந்த ஆண்டு ஜூலையில், வொஜ்சிக்கியே தொடங்கிய இலாபநோக்கற்ற அமைப்பு ஒன்று 30 கோடியே 50 இலட்சம் டொலருக்கு அதை வாங்கியது.

இந்தியாவிலும் ஐதராபாத்தின் 'மேப்மைஜீனோம்', சென்னையின் 'எக்ஸ்கோட் லைஃப்' போன்றவை இப்படியான பரிசோதனைகளை விற்கின்றன. ஒரு கம்பனி விழுந்தாலும் சந்தை விழவில்லை.

எல்லாப் பதிலும் ஒரே எடை இல்லை

அறிக்கையில் எல்லாம் ஒரே அளவு எழுத்தில், ஒரே வடிவான வட்டப் படத்தோடு வரும். பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே எடை போலத் தோன்றும். அவற்றைத் தனித்தனிப் பெட்டியாகப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

முதலாவது, ஒற்றை மரபணுவே பெரிய தாக்கம் செய்பவை. பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவில் கெடுதலான மாற்றம் உள்ள பெண்ணுக்கு, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு எழுபதளவில். இப்படியான தகவல் உயிர் காக்கும். ஆனால் மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரையாக வருபவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து மட்டுமே.

இரண்டாவது, ஆயிரம் சின்னக் காரணங்கள் கூடிவரும் நோய்கள். சலரோகம், மாரடைப்பு, பிறஷர் எல்லாம் இந்தப் பெட்டி. ஒவ்வொரு மாற்றமும் தராசில் ஒரு நெல்மணி. எல்லாவற்றையும் கூட்டி ஒரு புள்ளி போடுவார்கள். '40 வீதம் கூட' என்று அறிக்கை சொன்னால், எதைவிட 40 வீதம் என்று கேட்கவேண்டும். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய் இரண்டு மடங்கானாலும் ஆயிரத்தில் இரண்டு பேருக்குத்தான். மிச்சம் 998 பேருக்கு ஒன்றுமில்லை. ஐந்தில் ஒருவருக்கு வரும் நோய் கொஞ்சம் கூடினாலும் அது பெரிய சேதி.

மூன்றாவது, மருந்தும் மரபணுவும் சந்திக்கும் இடம். இதைப் பற்றி விளம்பரத்தில் குறைவாகவே பேசுவார்கள், பயனோ பெரிது. மாரடைப்பு, பக்கவாதத்துக்குப் பின் இரத்தம் கட்டிபடாமல் இருக்கக் கொடுக்கும் குளோப்பிடோகிறெல் குளிசையை உடம்பு தானே வேலைசெய்யும் வடிவுக்கு மாற்றவேண்டும். அதற்கு சி.வை.பி.2சி19 என்ற மரபணு சரியாக இருக்கவேண்டும். பிரித்தானியாவில் வாழும் பங்களாதேஷ், பாகிஸ்தான் வம்சாவளியினரில் நூற்றுக்கு 57 பேரிடம் அதன் குறைபட்ட வடிவம் ஒன்றாவது இருக்கிறது என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. 2024இல் பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம், பக்கவாத நோயாளருக்கு இந்த மருந்தைக் கொடுக்கமுன் மரபணுவைப் பார்க்கும்படி பரிந்துரைத்தது. கவனிக்கவேண்டியது என்னவென்றால், இங்கே பரிசோதனையைக் கேட்பவர் மருத்துவர், பதிலை வைத்து மருந்தை மாற்றுபவரும் மருத்துவர்.

நான்காவது, 'நலவாழ்வு' என்ற பெயரில் வருபவை: உங்களுக்கு ஏற்ற சாப்பாடு, ஏற்ற தேகப்பயிற்சி, தோல், தலைமயிர், பிள்ளையின் விளையாட்டுத் திறமை. இந்தப் பெட்டிதான் ஆகப் பெரிது, ஆகப் பாரம் குறைந்ததும் இதுதான். அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஓராண்டு வைத்து, பாதிப் பேருக்குக் கொழுப்புக் குறைந்த சாப்பாடும் மற்றவர்களுக்கு மாச்சத்துக் குறைந்த சாப்பாடும் கொடுத்துப் பார்த்தார்கள். இன்ன மரபணுவுக்கு இன்ன சாப்பாடு ஒத்துவரும் என்ற நம்பிக்கையைச் சோதிப்பதும் நோக்கம். 2018இல் வந்த முடிவு: இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு மெலிந்தது, மரபணுவால் எந்த வித்தியாசமும் இல்லை.

பால் ஒத்துக்கொள்ளாத தன்மை நல்ல உதாரணம். வளர்ந்த பிறகும் பாலைச் சமிக்கச் செய்யும் மாற்றம் ஐரோப்பியரிடம் பரவலாகவும் தென்னிந்திய, இலங்கை மக்களிடம் குறைவாகவும் இருக்கிறது. ஆகவே நம்மில் பலருக்கு அறிக்கை 'பால் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம்' என்றுதான் சொல்லும். விடிய எழும்பிப் பால்தேத்தண்ணி குடித்து, மத்தியானம் தயிர் விட்டுச் சாப்பிட்டு, ஒரு குறையும் இல்லாமல் எண்பது வயது கண்டவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். தேத்தண்ணியில் விடும் பால் கொஞ்சம், தயிரில் பாற்சீனியில் ஒரு பகுதி புளித்தே போய்விடும். வயிறு ஏற்கெனவே அறிந்ததைக் குழாய் வந்து சொல்லத் தேவையில்லை.

நாங்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம்?

தமிழ் வாசகருக்கு இதுதான் முக்கியமான கேள்வி. மரபணுப் புள்ளிகள் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. இலட்சக்கணக்கானவர்களின் டி.என்.ஏ.வையும் நோயையும் ஒப்பிட்டுத்தான் அவை கணிக்கப்படுகின்றன. அந்த இலட்சக்கணக்கானவர்கள் யார்? இப்படியான ஆய்வுகளில் பங்குபற்றியவர்களில் நூற்றுக்கு 79 பேர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்று 2019இல் வெளிவந்த ஒரு கணக்குச் சொன்னது. ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை இன்னொருவர் போடலாம்தான், ஆனால் தோள் இறுக்கும். ஐரோப்பியரை வைத்துக் கணித்த புள்ளி தெற்காசியருக்குப் பிழைக்கும் வீதம் கூட.

நாங்கள் அடியோடு இல்லாமலும் இல்லை. உலகின் மரபணு வேறுபாடுகளைப் பட்டியலிட்ட 'ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம்' 2015இல் நிறைவுபெற்றபோது, அதில் 26 மக்கட்கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேர் இருந்தார்கள். அந்த 26இல் ஒன்று 'பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர்'. 102 பேர். உலக ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்தும் அந்தத் தரவில் நம்முடைய பெயர் இருப்பது யாழ்ப்பாணத்தில் எடுத்த இரத்தத்தால் அல்ல, கடல் கடந்து போனவர்கள் கொடுத்த இரத்தத்தால். நம்மை எண்ணிப் பார்ப்பதில் உள்ளூரிலும் இடைவெளி இருந்தது. இலங்கையில் வயது வந்தோரில் ஐந்தில் ஒருவருக்குச் சலரோகமோ அதன் முன்னிலையோ உண்டு என்று பிரபலமாகச் சொல்லப்படும் கணக்கு, 2005-2006இல் எடுத்த ஆய்வொன்றிலிருந்து வந்தது. அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில்தான் நடந்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் சேரவில்லை.

பி.ஆர்.சி.ஏ. விடயத்தில் இந்த இடைவெளி எப்படி ஆபத்தாகும் என்று பாருங்கள். 2018இல் அமெரிக்கா அனுமதித்த வீட்டுப் பரிசோதனை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கெடுதலான மாற்றங்களில் மூன்றைத்தான் பார்த்தது. அந்த மூன்றும் கிழக்கைரோப்பிய வம்சாவளி யூதர்களிடம் பரவலானவை. தாயும் பெரியம்மாவும் மார்பகப் புற்றுநோயால் இறந்த ஒரு தமிழ்ப் பெண் இந்தப் பரிசோதனையைச் செய்து 'மாற்றம் காணப்படவில்லை' என்று பதில் பெற்றால், அவருக்கு அதனால் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. கிடைப்பதாக அவர் நினைக்கும் நிம்மதிதான் ஆபத்து. 2023இல் பட்டியல் 44 மாற்றங்களாகக் கூடியது. அப்போதும் அது முழுவதற்குக் கிட்ட வரவில்லை. அந்தப் பெண் போகவேண்டிய இடம் மருத்துவரிடம். செய்யவேண்டியது முழு மரபணுவையும் வாசிக்கும் சோதனை.

மறுபக்கமும் உண்டு: நம்மிடம் இருந்தும் மேலைநாட்டு அறிக்கைகள் கவனிக்காதவை. எம்.வை.பி.பி.சி.3 என்ற இதய மரபணுவில் 25 எழுத்துக்கள் விடுபட்ட ஒரு வடிவம் இருக்கிறது. தண்டபாணி, தங்கராஜ் முதலிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்திய உபகண்டத்தவரில் நூற்றுக்கு நான்கு பேர் அதைக் காவுகிறார்கள். இதயத்தசை நலிவு நோயோடு அதற்குத் தொடர்பு உண்டு. தெற்காசியாவுக்கு வெளியே அது அரிது. காவுகிறவர்கள் எல்லாருக்கும் நோய் வருவதில்லை என்றும், கூடவே வேறொரு மாற்றமும் இருக்கும்போதே ஆபத்துக் கூடலாம் என்றும் பிந்திய ஆய்வுகள் சொல்கின்றன. இதைக் கண்டுபிடிக்க நம் மக்களைப் பற்றிய ஆய்வு வேண்டியிருந்தது. இந்தியா பத்தாயிரம் பேரின் மரபணுத்தொகுதியை வாசித்து 2025 ஜனவரியில் தரவை ஆய்வாளருக்குத் திறந்துவிட்டிருப்பது அந்த வகையில் பெரிய காரியம்.

தெரிந்தால் மாறுவோமா?

ஆபத்துத் தெரிந்தால் ஆட்கள் சாப்பாட்டைக் கட்டுப்படுத்துவார்கள், நடப்பார்கள், சிகரெட்டை விடுவார்கள் என்பதே இந்த வியாபாரத்தின் வாக்குறுதி. 2016இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மரபணு ஆபத்தைச் சொல்வதால் ஆட்களின் பழக்கம் மாறுவதாகத் தெரியவில்லை என்பது அதன் முடிவு. மனதுக்குத் தெரிவதும் கால் நடப்பதும் வேறு வேறு காரியம் என்பது நமக்கும் தெரியும். சலரோக கிளினிக்கிலிருந்து வரும் வழியில் கொத்துரொட்டிக் கடையில் நிற்பவர்களை நாம் கண்டதில்லையா?

சிலவற்றை அறியாமல் இருக்கவும் ஒருவருக்கு உரிமை இருக்கிறது. டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாற்சன், 2007இல் தன் முழு மரபணுத்தொகுதியையும் உலகுக்கு வெளியிட்டார். ஒரே ஒரு மரபணுவின் பதிலை மட்டும் தனக்கே சொல்லவேண்டாம் என்றார். முதுமை மறதியோடு தொடர்புள்ள மரபணு அது.

துப்பியவர் ஒருவர், அகப்பட்டவர் பலர்

2023 ஒக்ரோபரில் வெளிவந்த சம்பவம் ஒன்று பாடமானது. வேறிடங்களில் திருடிய கடவுச்சொற்களை வைத்து 23அண்ட்மீயின் ஏறக்குறைய 14,000 கணக்குகளுக்குள் புகுந்தார்கள். ஆனால் விபரம் போனது 69 இலட்சம் பேருடையது. 'உறவினரைக் காட்டு' என்ற வசதியால், ஒரு வீட்டுத் திறப்பு ஊரையே திறந்துவிட்டது. மரபணு அப்படித்தான்: பாதி தாயுடையது, பாதி தகப்பனுடையது, சகோதரங்களோடு பங்கு. ரொறொன்ரோவில் துப்பும் பேத்தி, மானிப்பாயில் ஒரு தாளிலும் கையெழுத்து வைக்காத அம்மம்மாவின் கால்வாசியையும் சேர்த்தே அனுப்புகிறாள்.

நம் உறவுகள் சிதறிப்போன நாடுகள் இதை ஒவ்வொரு விதமாகப் பார்க்கின்றன. பிரான்சில் இப்படித் தாமாக மரபணுப் பரிசோதனை செய்வதே குற்றம். 3,750 யூரோ தண்டம் விதிக்கலாம். ஜேர்மனியில் 2010இலிருந்து நடைமுறையில் உள்ள சட்டப்படி மருத்துவ மரபணுச் சோதனை மருத்துவர் வழியாகவே நடக்கவேண்டும். கனடா 2017இல் சட்டம் போட்டு, காப்புறுதியோ வேலையோ தருபவர் மரபணுப் பதிலைக் கேட்கக்கூடாது என்றது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் காப்புறுதியிலும் வேலையிலும் பாதுகாக்கும், ஆயுள் காப்புறுதியில் கைவிட்டுவிடும். இந்தியாவில் 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம், மரபணுக் கோளாறு என்ற ஒற்றைக் காரணத்தைப் பரவலாகச் சொல்லிக் காப்புறுதியை மறுப்பது அரசியலமைப்புக்கு மாறானது என்று தீர்த்தது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவை விசேட வகையில் வைத்திருக்கிறது. ஆனால் அதன் நடைமுறை கட்டங்கட்டமாகப் பின்போய்க்கொண்டே வந்திருக்கிறது. பாரிசிலிருக்கும் மகனும் ரொறொன்ரோவிலிருக்கும் மகளும் ஒரே இரத்தம், ஆனால் ஒரே பாதுகாப்பு இல்லை.

கலியாணப் பேச்சில்

மச்சான் மச்சாள் கலியாணம் நம்மிடம் புதிதல்ல. தமிழ்நாட்டில் தாய்மாமனைக் கட்டும் வழக்கமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் அது வழக்கமில்லை. முதல்நிலை மச்சான் மச்சாளுக்கு மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொது. பிறவிக் குறைபாடு எந்தத் தம்பதிக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று என்றால், இவர்களுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. பயமுறுத்தும் அளவு இல்லை, கவனிக்காமல் விடும் அளவும் இல்லை. காவிப் பரிசோதனை இங்கே உண்மையில் உதவக்கூடியது. ஆனால் கடைப்பெட்டியின் பட்டியல் பெரும்பாலும் ஐரோப்பியரின் நோய்களை முன்வைத்துத் தொகுத்தது. இலங்கைக்கு முக்கியமான பரம்பரை இரத்த நோயான தலசீமியாவைத் துப்பலை விடச் சாதாரண இரத்தப் பரிசோதனையே நன்றாகக் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் வந்தால் அடுத்த சோதனைக்கு வழி இருக்கிறது. குருணாகலில் தேசிய தலசீமியா நிலையமும், கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1983இலிருந்து மானிட மரபியல் அலகும் இருக்கின்றன. உறவுக்குள் முன்பு பிள்ளை தவறியிருந்தால், பிறவிக் குறைபாடு இருந்திருந்தால், இப்படியான இடத்தின் ஆலோசனை கலியாணத்துக்கு முதல் பெறப்படவேண்டும். சாதகப் பொருத்தம் பார்க்கக் கொடுக்கும் நேரத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

தீர்ப்பு

துப்பல் குழாய் பொய் சொல்லும் கருவி இல்லை. அது பாதி சொல்லும், அந்தப் பாதியையும் பெரும்பாலும் இன்னொருவரின் அளவுக்குத் தைத்துச் சொல்லும், சொல்லிவிட்டு விளங்கப்படுத்த ஆளில்லாமல் போய்விடும். ஏற்கெனவே செய்துவிட்டவர்கள் பயப்படவும் வேண்டாம், நிம்மதிப்படவும் வேண்டாம். கெடுதலான மாற்றம் என்று எதையாவது காட்டினால் மருத்துவரிடம் கொண்டுபோய், ஆய்வுகூடத்தில் திரும்பச் சோதிப்பிக்கும் வரை எந்த முடிவும் எடுக்காதீர்கள். 'ஒன்றுமில்லை' என்று காட்டியிருந்தால் வழக்கமான சோதனைகளை நிறுத்தாதீர்கள். கணக்கை மூட விரும்பினால், தரவையும் மாதிரியையும் அழிக்கும்படி கேட்டுவிட்டு மூடுங்கள்.

செய்ய யோசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். நம்மிடம் ஏற்கெனவே ஒரு மரபணுப் பரிசோதனை இருக்கிறது, மூன்று தலைமுறையின் பதில்களோடு. அது அம்மம்மாக்களின் ஞாபகத்தில் இருக்கிறது. ஒரு கொப்பியை எடுத்து நடுவில் உங்கள் பெயரைப் போடுங்கள். மேலே தாய் தகப்பன், அதற்கு மேலே இரண்டு பக்கத்துப் பாட்டன் பாட்டி, பக்கங்களில் மாமன் மாமி, சித்தப்பா பெரியம்மா, சகோதரங்கள். ஒவ்வொருவருக்கும் கீழே மூன்றே கேள்வி: என்ன வருத்தம்? எத்தனை வயதில் வந்தது? எத்தனை வயதில், எதனால் மோசம் போனார்? வயதுதான் முக்கியம். எழுபதில் வந்த மாரடைப்பும் நாற்பதில் வந்த மாரடைப்பும் ஒரே சேதி இல்லை. ஐம்பதுக்கு முதல் வந்த மார்பகப் புற்றுநோய், திடீரென்று விழுந்து இறந்த இளைஞர், மயக்க மருந்து கொடுத்தபின் நேரத்துக்குக் கண் முழிக்காதவர், இவர்களுக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள்.

நம் தலைமுறைக்கு இதில் ஒரு அவசரமும் இருக்கிறது. யுத்தத்திலும் இடப்பெயர்விலும் பல குடும்பங்களின் ஆட்களும் கடதாசிகளும் போய்விட்டன. மிஞ்சியிருப்பது முதியவர்களின் நினைவு. அது பத்தாண்டில் இருக்காது. ரொறொன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கதைக்கும்போது கேட்டு எழுதலாம். செலவில்லை, கடவுச்சொல் இல்லை, திருட்டுப் போனாலும் ஆருக்கும் உதவாது.

எழுதி முடிந்ததும் இரத்த அமுக்கத்தையும் வெறுவயிற்றுச் சீனியையும் பாருங்கள். 35 வயது கடந்த பெண்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கில் மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். இவை அரச வைத்தியசாலைகளிலும் கிளினிக்குகளிலும் இலவசம். போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள். அதைத் தமிழில் வாசித்து, உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல அங்கே ஒரு மருத்துவர் இருப்பார்.